வெடைக்கோழி: அடையாளம் காண்பதும் நல்ல விலைக்கு விற்பதும்

செம்மநத்தம் போன்ற ஏற்காடு மலைக் கிராமங்களில் காப்பியும் மிளகும் வருடத்துக்கு ஒரு பருவம்தான் காசு தரும். நடுவில் பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரவும் அவசரத்துக்குக் கைகொடுப்பது வாசலில் மேயும் கோழிதான். கூடை கட்டிய வண்டியில் கோழி வாங்க வரும் வியாபாரியின் கண் முதலில் போவது எதன்மேல் தெரியுமா? ஐந்து மாதம் வளர்ந்து, இன்றைக்கோ அடுத்த வாரமோ முதல் முட்டை வைக்கப்போகும் வெடைக்கோழியின்மேல்தான்.

"அக்கா, இது சின்னதாத்தான் இருக்கு. ஒரு கிலோதான் நிக்கும்" என்று தராசில் தொங்கவிட்டு, கறி விலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதே கோழி ஊருக்குள் போனதும், "முட்டை வைக்காத வெடைங்க" என்ற பெயரோடு கூடுதல் விலைக்குக் கைமாறும். கோழியின் பருவத்தை அவர் கையால் தொட்டதுமே தெரிந்துகொண்டார். வளர்த்தவருக்கும் அது தெரிந்திருந்தால் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்காவது வீட்டிலேயே தங்கியிருக்கும். அந்தப் பருவத்தை எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா, விற்றால் எப்படி விலை பேசுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வெடை என்றால் எது?

குஞ்சுப் பருவம் தாண்டி, இன்னும் முதல் முட்டை வைக்காத இளம் பெட்டைதான் வெடைக்கோழி. நம் ஊர் நாட்டுக்கோழிகள் பொதுவாக ஐந்தரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் முட்டைக்கு வரும். அரசுத் திட்டங்களில் கிடைக்கும் மேம்படுத்திய இனங்கள் ஐந்து மாதத்தை ஒட்டியே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே மூன்றரை மாதத்திலிருந்து முதல் முட்டை வரைக்கும் உள்ள காலத்தை வெடைப் பருவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெடைக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் வெடைக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் இருக்கிறது. இளங்கோழியின் கறி சீக்கிரம் வேகும், மெத்தென்று இருக்கும். இரண்டாவது, கோழி வளர்க்க நினைப்பவருக்கு வெடைதான் சரியான முதல். குஞ்சு வாங்கினால் பாதி தங்குமோ தங்காதோ. கிழக்கோழி வாங்கினால் முட்டை குறைவு. வெடையை வாங்கினால் அடுத்த மாதமே முட்டை எடுக்கலாம்.

கண்ணால் பார்க்கும் அடையாளங்கள்

முதலில் பெட்டைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இளஞ்சேவலுக்குக் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் இருக்கும் இறகுகள் நுனி கூர்ந்து, நீளமாகப் பளபளக்கும். பெட்டைக்கு அந்த இறகுகளின் நுனி உருண்டை. சேவலுக்குக் கொண்டை இரண்டு மாதத்திலேயே சிவந்து தடிக்கத் தொடங்கும். அதே வயதுப் பெட்டைக்குச் சிறுத்து வெளிறியே இருக்கும்.

பெட்டை என்று தெரிந்த பிறகு, முட்டைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முட்டைக்கு இன்னும் நாள் இருக்கிற வெடைக்குக் கொண்டையும் தாடியும் சிறியதாக, வெளிர் சிவப்பாக, கொஞ்சம் வறண்டு இருக்கும். முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது அவை பெருத்து, நல்ல சிவப்பாகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

நடத்தையும் மாறும். அடுப்படி மூலை, விறகு அடுக்கின் சந்து, பழைய கூடை என்று இடம் தேடி நுழைந்து பார்க்கும். "கோழி கேறுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் சத்தம் தொடங்கும். முதுகில் கையை வைத்து லேசாக அழுத்தினால் ஓடாமல் இறக்கையைக் கொஞ்சம் விரித்துப் பதுங்கி உட்காரும். இப்படிப் பதுங்கினால் பெரும்பாலும் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முதல் முட்டை வந்துவிடும்.

கையால் பார்க்கும் அடையாளங்கள்

சந்தையில் கண் ஏமாறலாம், கை அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. கோழியைச் சாயங்காலம் அடையும் நேரத்தில் பிடியுங்கள், அதிகம் மிரளாது. இடது கையில் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் இந்த நான்கையும் பாருங்கள்.

1. வாலுக்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது? முட்டைக்கு வராத வெடைக்கு ஒரு விரல்கூட நெருக்கமாக இருக்கும். இரண்டு விரல் படுத்தால் முட்டைக்கு நெருங்கிவிட்டது. முட்டை வைத்துக்கொண்டிருக்கும் கோழிக்கு இரண்டரை, மூன்று விரல்கூடப் போகும். எலும்பு முனைகளும் வளையும்படி மெலிந்திருக்கும்.

2. எச்சம் போடும் துவாரத்தைப் பாருங்கள். முட்டை வைக்காத வெடைக்கு அது சிறியதாக, வட்டமாக, சுருங்கி, உலர்ந்திருக்கும். முட்டை வைக்கும் கோழிக்கு அகலமாக, நீள்வட்டமாக, ஈரமாக இருக்கும்.

3. நெஞ்செலும்பின் பின் நுனியைத் தொட்டு லேசாக அசைத்துப் பாருங்கள். இளங்கோழிக்கு அது குருத்தெலும்பாக வளையும். வயதான கோழிக்கு இறுகிப்போய் அசையாது.

4. காலைப் பாருங்கள். வெடையின் கால் செதில் வழுவழுப்பாக, ஒட்டிப் படிந்து இருக்கும். வயதான கோழிக்குச் செதில் தடித்துத் தூக்கிக்கொண்டு, சொரசொரப்பாக இருக்கும். நகமும் நீண்டு வளைந்திருக்கும்.

விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறும், சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் மாறும். அதனால் வீட்டில் தினமும் முட்டை வைக்கும் கோழி ஒன்றை முதலில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வெடையைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டே நாளில் கை பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. முட்டை இருக்கிறதா என்று துவாரத்துக்குள் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. முட்டைக்கு வராத வெடையிடம் அதைச் செய்யாதீர்கள். உள்ளே கிழிந்து புண்ணாகி, முட்டைக்கு வரும் முன்னாலேயே கோழி வீணாகும்.

ஏமாற்றும் அடையாளங்கள்

கொண்டை வெளுத்திருந்தால் எல்லாம் வெடை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயிற்றில் புழு, உடம்பில் பேன், உண்ணி இருந்தாலும் இரத்தம் குறைந்து கொண்டை வெளுக்கும். இறகு உதிர்க்கும் கோழிக்கும், அடையில் உட்கார்ந்த கோழிக்கும் கொண்டை சுருங்கி, எலும்பு இடைவெளியும் குறையும். அவசரத்தில் பார்த்தால் வெடை போலவே தோன்றும். அங்கேதான் காலும் நெஞ்செலும்பும் உண்மையைச் சொல்லும்.

மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனியிலும் இன்னொரு விஷயம் சேரும். பகல் வெளிச்சம் குறையும் மாதங்களில் வெடை முட்டைக்கு வருவது சில வாரம் தள்ளிப்போகலாம். எனவே "ஆறு மாசமாச்சு, இன்னும் வைக்கலை, இது மலட்டுக் கோழி" என்று கோபத்தில் கறிக்கு விற்றுவிடாதீர்கள். தை, மாசியில் பகல் நீள நீள அதுவே முட்டைக்கு வரும்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. முட்டைப் பண்ணையில் காலம் முடிந்து கழித்த கோழி சில இடங்களில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்கப்படுகிறது. மூக்கின் நுனியைப் பாருங்கள். ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கப் பண்ணைகளில் மூக்கு நுனியை வெட்டிவிடுவார்கள். வாசலில் மேய்ந்து வளர்ந்த கோழிக்கு மூக்கு முழுசாகக் கூர்மையாக இருக்கும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

1.1 கிலோ வெடையை உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்குக் கொடுத்தால் கையில் 440 ரூபாய். அதையே வைத்திருந்தால், அடை காத்து, குஞ்சு வளர்த்து, நடுநடுவே முட்டை வைக்கும் நாட்டுக்கோழி வருடத்துக்குச் சுமார் 60 முட்டை தரும். முட்டை 12 ரூபாய் என்றால் 720 ரூபாய். தினம் 25 கிராம் தானியம் போட்டால் வருடத்துக்கு 9 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் சுமார் 230 ரூபாய் செலவு. மீதி 490 ரூபாய். வருடக் கடைசியில் கோழியும் கையில் இருக்கும், வயதுக்காகக் குறைத்தாலும் 350 ரூபாய் தேறும். ஆக 440-க்குப் பதில் 840.

இதில் கீரிப்பிள்ளையும் காட்டுப்பூனையும் பருந்தும் நோயும் கணக்கில் வரவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. அதையும் சேர்ப்போம். இரண்டு வெடையை இன்றைக்கே விற்றால் 880 ரூபாய். இரண்டையும் வைத்திருந்து, ஒன்று முதல் வாரத்திலேயே போய்விட்டால், மிஞ்சிய ஒன்று வருடத்தில் 840 ரூபாய் தரும். கிட்டத்தட்ட சமம். அதாவது இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற முடிந்தாலே பெரிய நஷ்டமில்லை. அதற்கு மேல் காப்பாற்றுவதெல்லாம் லாபம். ராத்திரிக்குக் கதவுள்ள ஒரு கூண்டும், காலத்தில் போடும் தடுப்பூசியும் இருந்தால் காப்பாற்றுவது சுலபம்.

ஆனாலும் அவசரம் என்று வந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும். அப்போது இந்த வரிசையில் விற்கலாம். முதலில் கூடுதல் சேவல்கள். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அடுத்து, முட்டை குறைந்த பழைய கோழிகள். அதற்கும் அப்புறம்தான் வெடை. அதிலும் நல்ல வளர்ச்சியும், கலகலப்பும், நேரான காலும் உள்ள இரண்டு மூன்றை நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுங்கள். நல்லதை விற்றுவிட்டு நோஞ்சானை வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறைக் குஞ்சும் நோஞ்சானாகத்தான் வரும்.

விலை பேசும்போது

கோழி கையை விட்டுப் போகும் முன்னாலேயே கேளுங்கள்: "அண்ணா, வளர்க்கவா, கறிக்கா?" வளர்க்க வாங்குபவர் கறி எடைக்கு மேல் கொடுக்க முடியும். மேலே போட்ட கணக்கின்படி அவருக்கு அதில் வருடத்தில் 840 ரூபாய் இருக்கிறது. 550, 600 என்று கேட்பதில் தவறில்லை. அவரிடம் கிலோக் கணக்கில் பேசாதீர்கள், "ஒரு உருப்படி இவ்வளவு" என்று பேசுங்கள். வெடையின் எடை குறைவு. எடைக்கு இறங்கிவிட்டால் அதன் மதிப்பு மறைந்துவிடும்.

கறிக்கு என்றால் எடைதான் பேச்சு. அப்போது தராசைப் பாருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். இது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. சந்தேகம் வந்தால், வீட்டில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அதே தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபப்படத் தேவையில்லை, சிரித்துக்கொண்டே கேட்டால் போதும்.

உண்மையைச் சொல்லி விற்பதும் முக்கியம். ஏற்கெனவே முட்டை வைத்த கோழியை வெடை என்று சொன்னால் ஒரு தடவை ஓடும். சின்ன ஊரில் அடுத்த தடவை உங்கள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். "பங்குனியில் பொரிச்சது, தடுப்பூசி போட்டிருக்கு, இன்னும் வைக்கலை" என்று பொரித்த மாதத்தையும் தடுப்பூசித் தேதியையும் காலண்டரில் எழுதி வைத்துக் காட்டினால் அந்தப் பேச்சுக்கே தனி விலை. இருமலுக்கு மருந்து, மூச்சுக்கு மருந்து என்று சொல்லி மட்டும் விற்காதீர்கள். உடம்பு சரியில்லாதவர் மருத்துவரைப் பார்க்கட்டும், கோழி சாப்பாடாக இருக்கட்டும்.

எப்போது, எங்கே விற்பது?

வளர்க்கக் கொடுப்பதானால் முதல் முட்டைக்கு இரண்டு, நான்கு வாரம் முன்னால் கொடுப்பது நல்லது. பதுங்கத் தொடங்கிய கோழியை இடம் மாற்றினால் மிரண்டு, முட்டை வைப்பது தள்ளிப்போகும். வாங்கியவர் குறை சொல்வார்.

கறிக்கு என்றால் நாள் பார்க்கலாம். புரட்டாசியில் பலர் கவுச்சி தொடுவதில்லை, விலை இறங்கும். ஆடி, தீபாவளி, பொங்கலை ஒட்டி ஏறும். மலையில் மே மாதக் கூட்டமும், அதே காலத்தில் வரும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் கோழிக்குக் கிராக்கி கொடுக்கும் நாட்கள்.

ஒன்றிரண்டு கோழிக்குப் பக்கத்து ஊரிலும் உறவிலும் சொல்லி வைப்பதே போதும். மகளிர் சுய உதவிக் குழுவில் நாலைந்து வீட்டு வெடைகளைச் சேர்த்து இருபது, முப்பது உருப்படியாக்கினால் பேரம் உங்கள் கைக்கு வரும். அப்போது மலையிறங்கி, சனிக்கிழமை கூடும் கொங்கணாபுரம் சந்தை போன்ற பெரிய சந்தைக்குப் போவதும் கட்டுப்படியாகலாம். வண்டிச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கொண்டுபோகும்போது காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். விலங்குகளைத் தேவையில்லாமல் துன்பப்படும்படி எடுத்துச் செல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காற்று போகும் கூடையில், வெயில் படாமல், நிற்க இடம்விட்டு எடுத்துப் போங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நெருக்கியடித்த கூடையில் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூச்சு முட்டும்.

நோய் வீட்டுக்கு வராமல் இருக்க

சந்தையிலிருந்து விற்காமல் திரும்பும் கோழிதான் நோயைக் கொண்டுவரும் முதல் விருந்தாளி. அதையும், புதிதாக வாங்கிய கோழியையும் குறைந்தது இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் ஊர்க் கோழியெல்லாம் காலியாகும். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், இரண்டு வாரம் இலவச வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. விற்க நினைக்கும் வெடைக்கு ஊசியை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். சோர்ந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும் கோழியை எந்த விலைக்கும் விற்க வேண்டாம்.

உங்களுக்கான அரசுச் சேவைகள்

கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு 4 வார வயதுள்ள 40 நாட்டினக் கோழிக்குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் வழங்கும் திட்டத்தைக் கால்நடை பராமரிப்புத் துறை அண்மை ஆண்டுகளில் செயல்படுத்தி வருகிறது. கைம்பெண்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு, மலைவாழ் மக்கள் இதைக் கேட்டுப் பெறலாம். இன்னும் பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 250 கோழிகள் கொண்ட சிறிய நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க 50 சதவீத மானியத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தையும் அந்த ஆண்டுக்கான விதிமுறைகளையும் உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல்களைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும்.

பயிற்சிக்கு, சேலம் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சேலம் பயிற்சி மையத்தையும் அணுகலாம். கால்நடை மருத்துவ அவசர உதவிக்கு 1962. மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்றால் முதல்வரின் முகவரித் துறை உதவி எண் 1100.

திட்டத்தில் வாங்கிய குஞ்சு ஆடியில் கைக்கு வந்தால் கார்த்திகை, மார்கழியில் வெடையாக நிற்கும். 40 குஞ்சில் பாதி பெட்டை என்று வைத்து, சேதாரம் போக பத்து வெடை தேறினாலும் அது ஒரு குடும்பத்துக்கு நல்ல முதல். அந்தப் பத்தையும் கறி விலைக்கு ஒரே நாளில் கொடுத்துவிட்டால் மானியத்தின் பலன் அன்றோடு முடிந்துபோகும். நாலை நிறுத்தி, ஆறை வளர்ப்பவர்களுக்கு உருப்படிக் கணக்கில் கொடுத்தால் அவசரத்துக்குக் காசும் கிடைக்கும், அடுத்த வருடத்துக்குக் குஞ்சும் இருக்கும். அடுத்த முறை கோழி வாங்க ஆள் வரும்போது, அவர் கோழியைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்களே பிடித்து விரல் வைத்துப் பார்த்துவிட்டு விலையைச் சொல்லுங்கள்.